கடைசிப் பெட்டிக்கு ஒரு வாசல்

ஒலிம்பியா பாரியெந்தோஸுக்கு வரிசையில் நிற்பது என்றாலே ஆகாது. ரொட்டிக் கடையானாலும் சரி, ஓட்டுச் சாவடியானாலும் சரி, நாலு பேருக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தால் அவளுக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். சாந்தியாகோ மாகாணத்துப் புழுதியிலிருந்து பதினேழு வயதில் புவெனஸ் ஐரிஸுக்கு வந்தவள். முதலில் ஒரு வீட்டில் தரை துடைத்தாள். ஒருநாள் அந்த வீட்டு அம்மாவின் தலைக்குச் சாயம் பூசிவிட்டாள், அது அமைந்துபோனது. அந்த அம்மா தன் தோழிகளிடம் சொல்ல, தோழிகள் வேறு யாரிடமோ சொல்ல, நாற்பது வயதில் ஒலிம்பியா நகரத்தின் நடுவில் ஒரு பெரிய அழகு நிலையத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்தாள். வீடு மட்டும் மேற்கே, லாஸ் தாலாஸ் என்ற புறநகரில். கணவன் எவாரிஸ்தோ அங்கேயே ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை. அவன் மாவு படிந்த புருவத்தோடு வீட்டுக்குள் நுழையும்போதுதான் அவள் ரயிலுக்குக் கிளம்புவாள்.

ரயிலில் அவளுக்குத் துணை சூல்மா. அதே அழகு நிலையத்தில் நகப்பூச்சு வேலை பார்ப்பவள், அதே லாஸ் தாலாஸ்காரி. ஒலிம்பியா சத்தம் என்றால் சூல்மா சாந்தம். ஒருத்தி ஓடுவாள், இன்னொருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். இருவரும் ஏறுவது எப்போதும் முதல் பெட்டி. அதற்குக் காரணம் உண்டு. நகரத்தின் கடைசி நிலையத்தில் தண்டவாளம் ஒரு சுவரோடு முடியும். வெளியே போகும் வழி அந்த முனையில் மட்டும்தான், டிக்கெட் காட்டிவிட்டுப் போக வேண்டும். நடைமேடையின் பின்முனையில், மேலே தெரு போகும் பாலத்தடியில், பழைய படிக்கட்டும் இரும்புக் கதவும் இருந்தன. டிக்கெட் இல்லாதவர்கள் அந்த வழியாக நழுவுகிறார்கள் என்று கம்பெனிக்காரர்கள் எந்தக் காலத்திலோ அதற்குச் சங்கிலி போட்டுவிட்டார்கள். அதனால் பின்பெட்டியில் வந்தவன் முன்னால் வந்து சேர்ந்து வெளியே போவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். லாஸ் தாலாஸிலேயே முதல் பெட்டிக்குள் முண்டியடித்து ஏறுவது எல்லோருக்கும் பழகிப்போனது.

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, அந்த ஊருக்கு அது குளிர்காலம். மூச்சு விட்டால் புகையாக வரும் குளிர். சூல்மா கழுத்துத் துண்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"ஓலி, இன்னிக்குப் பின்னாடி ஏறலாமாடி? ஒடம்பு காயுது. அங்கன்னா உக்கார எடம் கெடைக்கும்."

"உக்காந்து வந்துட்டு அப்புறம் அந்த வரிசைல நின்னு சாவியா? முதலாளியம்மா நம்மளத் தின்னுடுவா. வாடி!"

சூல்மாவின் மேல்சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒலிம்பியா முன்னால் ஓடினாள்.

வழியில் ஒரு நிலையத்தில் ரயில் நடைமேடையைத் தாண்டிப் போய் நின்றது. முதல் பெட்டியின் கதவுகள் வெறும் சரளைக் கல்லுக்கு நேராகத் திறந்தன. "டிரைவருக்கு இன்னும் தூக்கம் கலையல போலிருக்கு, யாராவது அவருக்கு ஒரு வாய் மாதே டீ குடுங்கப்பா!" என்று ஒருவன் கத்தினான். பெட்டியே சிரித்தது. ஒலிம்பியாவும் சிரித்தாள். அடுத்த நிலையத்திலும் அதே கதை. அப்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

கடைசி நிலையத்துக் கூரைக்குள் ரயில் நுழைந்தது. கதவோரம் நிற்பவர்கள் இறங்கத் தயாராகி முன்பக்கம் நெருக்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே தூண்கள் வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு சூல்மா, "ஏன் இவ்ளோ வேகமா...?" என்றாள். ஒலிம்பியா கேட்ட அவளுடைய கடைசி வார்த்தை அது. ரயில் சுவர்முனையில் மோதியது. இரண்டாவது பெட்டி முதல் பெட்டிக்குள் புகுந்தது. இருக்கைகளும் ஆட்களும் கண்ணாடியும் ஒரே குவியலாயின. ஒலிம்பியாவின் இடது கால் எங்கோ கீழே மாட்டிக்கொண்டது. அவள் கையில் சூல்மாவின் மேல்சட்டைக் கைத்துணி இருந்தது. அதை விடாமல் பிடித்து, "சூல்மா, சூல்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தீயணைப்புக்காரர் ஒருவர் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். "அம்மா, இப்ப நீங்க வாங்க. அவங்கள நாங்க பாத்துக்கறோம்" என்றார். அவர் குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கால் போகவில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே தகடும் திருகாணியும்தான் எலும்பு வேலை பார்த்தன. மருத்துவமனையில் அவள் படுத்திருந்த கூடத்தில் பாதிப் பேர் அந்த ரயிலில் வந்தவர்கள். பேச வேறு என்ன இருக்கிறது?

"போன்ல பேசிட்டு வந்தானாம்" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

"குடிச்சிருந்தான்னு என் கொழுந்தன் சொல்றான்."

"உங்க கொழுந்தனா ரத்தம் எடுத்துப் பாத்தான்? பிரேக்கே இல்லையாம்மா அந்த வண்டில" என்றாள் ஊசி போட வந்த நர்ஸ்.

எவாரிஸ்தோ தினமும் பேக்கரியிலிருந்து சூடான ரொட்டி கொண்டுவருவான், கூடவே செய்தியும். "தூங்கிட்டான் குண்டம்மா. டிவில அடிச்சுச் சொல்றாங்க. நசரேனோ லுக்கேரோன்னு பேரு. ஆள் உயிரோட இருக்கான், பாவி. என் கையில கெடைச்சா அடுப்புல வச்சுடுவேன்."

ஒலிம்பியா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தூங்கிவிட்டான். வேறு எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிரைவரின் முகத்தைப் பேப்பரில் பார்த்துப் பார்த்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். திட்டும் நேரம்வரை அந்த இன்னொரு நினைப்பு வராது. திட்டி ஓய்ந்ததும் வந்துவிடும். 'பின்னாடி ஏறலாமாடி?' என்று சூல்மா கேட்பாள். கையைப் பிடித்து இழுப்பவள் ஒலிம்பியா. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளைப் பார்க்க வந்த சூல்மாவின் கணவன் ருஃபினோவிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபின் நகரத்து வேலைக்குப் போக முடியவில்லை. நாளெல்லாம் நிற்கிற வேலை அது. அதோடு ரயில் சத்தம் தூரத்தில் கேட்டாலே அவளுக்கு வாய் உலர்ந்துவிடும். எவாரிஸ்தோ முன்னறையில் ஒரு கண்ணாடியை மாட்டி, எங்கிருந்தோ சாராயக் கடை உயர ஸ்டூல் ஒன்றைத் தூக்கி வந்தான். "உக்காந்துட்டே வெட்டு. வாய்க்கு ஒண்ணும் ஆகலையே, போதும், கூட்டம் தானா வரும்" என்றான். வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் முடிக்கு வந்தார்கள், ஊர்க்கதைக்கும் வந்தார்கள்.

அதில் ஒருத்தி மட்டும் பேசவே மாட்டாள். கிராசியானா என்று பெயர் சொன்னாள். பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வருவாள். வெட்ட ஒன்றுமில்லாத முடியை வெட்டிக்கொண்டு, ஒலிம்பியாவின் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ வந்தபோது ஒலிம்பியா சீப்பைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஊர்ல முடி வெட்டற ஆளே இல்லையா?"

கிராசியானா கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தாள். "இருக்காங்க. எனக்கு வெட்ட மாட்டேங்கறாங்க. நான் லுக்கேரோவோட சம்சாரம்."

ஒலிம்பியாவுக்கு ஒரு கணம் யார் என்று விளங்கவில்லை. விளங்கியதும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என் வீட்டுக்கா வந்தே? என் கையால முடி வெட்டிக்கவா வந்தே? சூல்மா மண்ணுக்குள்ள கெடக்கா, உன் புருஷன் வீட்ல கால நீட்டித் தூங்கறானா இப்பவும்?"

"தூங்கறதே இல்லைங்க" என்றாள் கிராசியானா. "முதல் நாளே மன்னிப்புக் கேக்கணும்னுதான் வந்தேன். உங்களப் பாத்ததும் வாய் வரல. அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதேதான். நான் போயிடறேன்." துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். பாதி வெட்டிய முடியோடு வாசலுக்குப் போனாள்.

அந்தப் பாதி முடியைப் பார்த்ததும் ஒலிம்பியாவின் தொழில் கை சும்மா இருக்கவில்லை. "நில்லு. இப்படியே தெருவுல போனா என் பேருதான் கெடும். உக்காரு" என்றாள். மீதியை வெட்டி முடித்தாள். அவள் போகும்போது, "அவன்கிட்ட நான் ஒண்ணு கேக்கணும். நேர்ல" என்று மட்டும் சொன்னாள்.

லுக்கேரோவின் வீட்டுக்கு எவாரிஸ்தோவும் கூடவே வந்தான், அடிப்பதானால் அடிக்கலாம் என்ற எண்ணத்தோடு. நசரேனோ லுக்கேரோவைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. இளைத்துப்போய், பேப்பரில் பார்த்த முகத்தில் பாதிதான் மிச்சமிருந்தது. அவன் எழுந்து நின்றான், உட்காரவே இல்லை.

"தூங்கினியா?" என்று கேட்டாள் ஒலிம்பியா.

"தெரியலைங்க."

"அது என்ன பதில்?"

"தூங்கலைன்னு சொல்லுன்னு எங்க வக்கீல் சொல்றார். தூங்கினேன்னு எழுதிக் குடுத்தா நல்லதுன்னு கம்பெனி ஆள் ஒருத்தர் வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போனார். எனக்கு ஞாபகம் இருக்கறதச் சொல்றேன். முந்தின நாள் வேலை முடிஞ்சு வந்து சரியாப் படுக்கக்கூட இல்ல, திரும்பக் கூப்பிட்டாங்க. வழியில பிரேக் ரெண்டு எடத்துல சரியாப் பிடிக்கல. ரேடியோல சொன்னேன். ஓட்டிட்டு வா, வந்ததும் பாக்கலாம்னாங்க. நான் ஓட்டிட்டு வந்தேன். அங்கயே நிறுத்தியிருக்கணும், ஜனங்கள எறக்கி விட்டிருக்கணும். செய்யல. கூரைக்குள்ள வந்ததும் பிரேக் போட்டேன், பிடிக்கல, மறுபடி போட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல. நடுவுல கண்ணு மூடிச்சான்னு கேட்டா, சத்தியம் பண்ண முடியலைங்க."

ஒலிம்பியா கேட்க வந்தது அதுவல்ல. ஆமாம் என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். இல்லை என்று பொய் சொல்லியிருந்தாலும் தீர்ந்திருக்கும். தெரியலை என்பவனை என்ன செய்வது? பஸ்ஸில் திரும்பினார்கள். இறங்கும்போது எவாரிஸ்தோ, "பொய் சொல்றவன் மூஞ்சி இல்ல அது" என்றான்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. ஊன்றுகோலோடு ஒலிம்பியா ஒரு நாள் தவறாமல் போனாள். ஆராய்ந்து பார்த்த பொறியாளர்களில் ஒரு பெண்மணி இருந்தார், இன்யெஸ் கரபால் என்று பெயர், நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருப்பார். சாட்சி சொன்ன அன்று அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிரேக்குக்குக் காற்று அழுத்தும் இயந்திரங்களில் ஒன்று வேலை செய்யவில்லை, அதைப் பழுது பார்க்காமலே வண்டியை அனுப்பியிருக்கிறார்கள். சில பெட்டிகளின் பிரேக் கட்டைகள் தேய்ந்து போயிருந்தன. டிரைவர் ஓய்வில்லாமல் வேலைக்கு வந்திருக்கிறார். அவசர பிரேக்கை அவர் கடைசிவரை இழுக்கவில்லை. தடத்தின் முடிவில் மோதலைத் தாங்கிக்கொள்ள வைத்திருந்த எண்ணெய்த் தாங்கிகள் வறண்டு துருப்பிடித்துக் கிடந்தன. பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று புகாமல் தடுக்கும் பூட்டுகள் அந்தப் பழைய வண்டியில் இல்லவே இல்லை. அதற்கும் மேலே, பின்பெட்டிகளில் இடமிருக்க, முதல் இரண்டு பெட்டிகளில் மட்டும் ஜனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். இறந்தவர்கள் எல்லோரும் அந்த இரண்டு பெட்டிகளில்தான்.

கடைசியாகச் சொன்னது ஒலிம்பியாவின் நெஞ்சில் இறங்கியது. இடைவேளையில் தாழ்வாரத்தில் அந்தப் பெண்மணியை வழிமறித்தாள்.

"அம்மா, இத்தனையும் சொன்னீங்களே, இதுல எது? எதனால?"

"எல்லாம் சேர்ந்துதான். அதையே வேற மாதிரியும் சொல்லலாம். இதுல ஏதாவது ஒண்ணு ரெண்டு சரியா இருந்திருந்தாக்கூட, நிறையப் பேர் அன்னிக்கு வீட்டுக்குப் போயிருப்பாங்க."

ஒலிம்பியா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தாள். இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொன்னாள். "என் தோழி பின்னாடி ஏறலாம்னு சொன்னா. நான்தான் முன்னால இழுத்துட்டுப் போனேன். உங்க காரணத்துல அதுவும் ஒண்ணுதானே?"

இன்யெஸ் கரபால் பொய்யாகத் தேற்றவில்லை. "முன்னால ஏன் போனீங்க?"

"வழி அங்கதானே இருக்கு."

"வழிய அங்க மட்டும் வச்சது நீங்களா?"

ஒலிம்பியா அன்று மாலையே ருஃபினோவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவன் மேசைத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டான். "அவளுக்கு உன்கூட ஓடறது பிடிக்கும் ஓலி" என்றான். "வீட்டுக்கு வந்து உன்னத் திட்டுவா. மறுநாள் உனக்கு முன்னாடி கிளம்பி நிப்பா." இருவரும் சேர்ந்து அழுதார்கள். அழுது முடித்ததும் ஒலிம்பியா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பின்பக்கக் கதவத் திறக்க வைக்கணும் ருஃபினோ" என்றாள்.

பிரேக்கை அவளால் மாற்ற முடியாது. தாங்கிக்கு எண்ணெய் விடவும் முடியாது. அதற்கெல்லாம் நீதிமன்றமும் அரசாங்கமும் இருந்தன. கதவு என்பது சங்கிலியும் பூட்டும்தானே!

முறையாகப் போய்க் கேட்டார்கள். நிலைய அதிகாரி மேலிடத்தைக் காட்டினார், மேலிடம் பாதுகாப்புத் துறையைக் காட்டியது, பாதுகாப்புத் துறை அது பழைய படிக்கட்டு, ஆபத்து என்றது. "ஆபத்தாம்! எங்ககிட்டயே சொல்றான் பாரு" என்றாள் ஒலிம்பியா. அப்புறம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அதற்கு அவள் ரயில் ஏற வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை லாஸ் தாலாஸ் நடைமேடையில் நின்றாள். ஒரு பக்கம் எவாரிஸ்தோ, வேலை முடிந்து தூங்காமல் வந்திருந்தான். மறுபக்கம் ருஃபினோ. வண்டி வந்து நின்றதும் அவள் கால் நகரவில்லை. "விட்டுடலாம் குண்டம்மா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றான் எவாரிஸ்தோ. "வாய மூடிட்டு ஏத்தி விடு" என்றாள். கடைசிப் பெட்டியில் ஏறி, வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே போனாள். நகரத்தில் இறங்கியதும் முன்னால் போகாமல், பாலத்தடிக்கு நொண்டிப் போய், பூட்டிய கதவின் கம்பியில் ஒரு நாணயத்தால் தட்ட ஆரம்பித்தாள். ருஃபினோ தட்டினான். அன்று காயம்பட்டவர்களில் இன்னும் சிலர் வந்திருந்தார்கள், அவர்களும் தட்டினார்கள். ஓரமாக, முக்காடு போட்ட மாதிரி கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு கிராசியானாவும் நின்று தட்டினாள். சிலர் அவளை அடையாளம் கண்டு முகம் சுளித்தார்கள். "அவ கையும் கைதான், தட்டட்டும்" என்றாள் ஒலிம்பியா.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் பெருகியது. வேலைக்குப் போகும் அவசரத்தில் இருப்பவர்கள்கூட இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார்கள். மேலே பாலத்தில் போகும் பஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். இரும்பில் நூறு நாணயம் மோதும் சத்தத்தில் நிலைய அறிவிப்பு ஒன்றும் காதில் விழவில்லை. குளிர்காலம் போய் வசந்தம் வந்து, வியர்வை வழியும் கோடையும் வந்தது. ஒருநாள் நிலைய அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நிறுத்துங்க. மூணு மாசம் சோதனைக்குத் திறந்து பாக்கச் சொல்லியிருக்காங்க."

"சங்கிலிய யாரு அறுப்பா?"

"ஆள் வரும்."

"இப்ப வரட்டும். நாங்க நிக்கறோம்" என்றாள், வரிசையில் நிற்கப் பிடிக்காத ஒலிம்பியா.

மூன்று மாதச் சோதனை முடியவே இல்லை. படிக்கட்டைச் செப்பனிட்டு, டிக்கெட் பார்க்கும் கருவி வைத்து, கதவை நிரந்தரமாகவே திறந்துவிட்டார்கள். தானாகவே ஜனங்கள் வண்டி முழுக்கப் பரவி ஏற ஆரம்பித்தார்கள். அவர்களை யாரும் ஏறச் சொல்லவில்லை, வழி இருந்தது, ஏறினார்கள்.

தீர்ப்பும் வந்தது. கம்பெனியை நடத்தியவர்களுக்கும், பழுதான வண்டியை அனுப்பக் கையெழுத்துப் போட்டவருக்கும் பெரிய தண்டனை. நசரேனோவுக்குச் சின்னதாக ஒன்று. அவன் மேல்முறையீடு செய்யவில்லை. விடுதலையாகி வந்தபின் அவன் இன்னொரு தடவை ரயில் ஓட்டவில்லை. பேக்கரியில் மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று எவாரிஸ்தோதான் போய்ச் சொல்லிக் கூப்பிட்டான். சிலர் அதற்காக அந்தப் பேக்கரியில் ரொட்டி வாங்குவதை நிறுத்தினார்கள். அவர்களில் சிலர் பிறகு திரும்பி வந்தார்கள்.

ஒலிம்பியா நகரத்து வேலைக்கே திரும்பினாள். அந்த உயர ஸ்டூலும் கூடப் போனது. ஒருநாள் காலை ஒரு வாடிக்கையாளரின் தலையை அலசிக்கொண்டிருந்தபோது, மூலையிலிருந்த டிவியில் அந்த நிலையத்தைக் காட்டினார்கள். ஒரு பயணிகள் வண்டி வேகம் குறையாமல் வந்து முனையில் மோதிவிட்டது என்றார்கள். அவள் ஈரக் கையோடே ருஃபினோவுக்குப் போன் போட்டாள். அவன் இப்போது அந்தப் பக்கம்தான் ஒரு கடையில் வேலையாக இருந்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுத்தான், மூச்சிரைக்க.

"பாக்கத்தான் ஓடி வந்தேன் ஓலி. தீர்ப்புக்கப்புறம் முனையில வச்ச புதுத் தாங்கி மோதல வாங்கிக்கிச்சு. முன்பெட்டில கும்பலாவும் இல்ல, எல்லாம் பரவலா நின்னிருக்காங்க. ஒருத்தருக்கு மூக்குல அடி, ஒருத்தருக்குக் கை மடங்கிடுச்சு. காபி கொட்டி ஒரு அம்மா டிரைவரக் கன்னாபின்னான்னு திட்டிட்டு இருக்கா, இங்க வரைக்கும் கேக்குது. எல்லாரும் நடந்து போறாங்க. பின்பக்கமும் போறாங்க. கேக்குதா? எல்லாரும் நடந்து போறாங்க ஓலி."

ஒலிம்பியா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. தொட்டியில் தலையைச் சாய்த்திருந்த அம்மாள், முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து திரும்பினார்.

"ஐயோ, என்னங்க ஆச்சு? யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லைங்க" என்றாள் ஒலிம்பியா. "யாரும் சாகல. அதான்."